புகை தெரியாவிட்டால் குற்றமும் இல்லையா?

காற்றிலுள்ள நுண்துகள்களில் ஒரு பெரும்பகுதி எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளிவருவதில்லை. அது வாயுவாக வெளியேறுகிறது, காற்றில் துகளாகிறது. வளிமண்டல அறிவியல் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. இந்தியாவின் ஆட்சிமுறையோ இன்றளவும் கண்ணுக்குத் தெரியும் தூசியையும் புகையையும் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று அறிய விரும்புவோர் கொல்கத்தாவின் கார்டன் ரீச் வரை போய்வரலாம்.

ஆற்றின் நேரான நீட்சியை ஆங்கில மாலுமிகள் ‘ரீச்’ என்றார்கள். ஹூக்ளியின் அந்த நீட்சியில் கம்பெனிக் காலத்து வெள்ளையர்களின் தோட்ட மாளிகைகள் வரிசையாக நின்றதால் வந்த பெயர் கார்டன் ரீச். மாளிகைகளின் காலம் முடிந்துவிட்டது. 1856இல் ஆட்சியை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய மட்டியாபுருஜ் இன்று தையல் தொழிலாளர்களின் ஊர். சுற்றிலும் கப்பல்துறைகள், போர்க்கப்பல் கட்டும் தளம், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், சரக்கு லாரிகள் ஓயாத சாலைகள். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு நிலக்கரி மின்நிலையமும் எழுந்தது. லாரி, கப்பல், புகைபோக்கி மூன்றும் ஒரே வானத்தின் கீழ் நெருங்கி நிற்கும் இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை. அதனால்தான் இந்த வாதத்திற்குக் கார்டன் ரீச் பொருத்தமான சாட்சி.

கொல்கத்தாவுக்குப் புகையோடு நீண்ட வழக்கு உண்டு. 1863இலேயே அந்நகருக்கும் ஹௌராவுக்கும் புகைத் தொல்லைச் சட்டம் இயற்றப்பட்டது. 1905இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது; ஆலைகளின் புகையைக் கண்காணிக்க ஆணையமும் ஆய்வாளர்களும் வந்தார்கள். அக்காலத்துப் புகை ஆய்வாளர்களின் கருவி ரிங்கல்மன் அட்டை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கருமை ஏறும் கட்டங்கள் கொண்ட அட்டை அது. அதைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, புகைபோக்கியிலிருந்து எழும் புகை எந்தக் கட்டத்தின் கருமையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். கருமை மிகுந்தால் குற்றம்; வெளுத்திருந்தால் விடுதலை. அந்தக் காலத்து அறிவுக்கு அது நேர்மையான அளவுகோல்தான். அந்த அட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதன் தருக்கம் மட்டும் அரசு அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. புகையாமலே எரியும் நெருப்பும் உண்டு என்பதை இன்றைய மின்நிலையங்கள் காட்டுகின்றன. நிலைமின் விசையால் சாம்பலை ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் புகையின் கருமையைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. ஆனால் நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் கந்தக டை ஆக்சைடு வாயு அக்கருவிகளின் வழியே தடையின்றி வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை. ரிங்கல்மன் அட்டையை எவ்வளவு நேரம் பிடித்து நின்றாலும் அது தென்படாது.

அதன்பின் நடப்பதைத்தான் துகளுருவாக்க ஆய்வு சொல்கிறது. 1880களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன், மூடுபனியின் ஒவ்வொரு துளியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பற்றிக்கொண்டே பிறக்கிறது என்று காட்டினார். அத்துகள்களை எண்ணுவதற்கு ஒரு கருவியும் செய்தார். அத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி அவருக்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆய்வாளர்களுக்கு வேலை கொடுத்தது. விடையின் ஒரு பகுதி இதுதான்: வெயிலின் துணையோடு கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாகிறது. அமில மூலக்கூறுகள் அம்மோனியா, அமீன் போன்ற காரப் பொருள்களோடு கைகோத்துக் கொத்துகளாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் அளவில், ஒன்றிரண்டு கூறுதான் அக்கொத்தின் பருமன். பெரும்பாலான கொத்துகள் உடனே கலைந்துவிடுகின்றன. கலையாமல் தப்பியவை மேலும் மேலும் ஆவிகளை ஏற்று, சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள், முகில்துளிக்குக் கருவாகும் அளவுக்கு வளர்கின்றன.

ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் 2009 முதல் நடந்துவரும் ‘கிளவுட்’ சோதனை இதைக் கலன் ஒன்றுக்குள் நிகழ்த்திக் காட்டியது. 2011இல் வெளியான அதன் முதல் முடிவுகளில் ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் நூறோ அதற்கும் குறைவாகவோ அம்மோனியா இருந்தால்கூட, அமிலக் கொத்துகள் பிறக்கும் வேகம் நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை உயர்ந்தது. கங்கைச் சமவெளியோ உலகிலேயே அம்மோனியா மிகுந்த வெளிகளுள் ஒன்று. வயலில் இடும் யூரியாவும் கால்நடைக் கழிவும் அதற்கு ஊற்றுகள். அந்தச் சமவெளியின் வாயிலில்தான் கொல்கத்தா இருக்கிறது.

ஏற்கெனவே மாசு நிறைந்த நகரத்தில் கதை இன்னும் சுருங்கிவிடுகிறது. புதிய கொத்து பிறக்கும் வரைகூட அமிலம் காத்திருப்பதில்லை. மிதந்துகொண்டிருக்கும் பழைய துகள்களின்மேல் படிந்து அவற்றைப் பருக்க வைக்கிறது. குளிர்காலத்தில் ஆற்றின்மேல் மூடுபனி இறங்கும்போது வாயு நீர்த்துளிக்குள் கரைந்து, அங்கேயே விரைந்து சல்பேட்டாகிறது. 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மூடுபனியில் நிகழ்ந்ததும் இத்தகைய வேதிவினையே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளி வேதியியல் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கலாம். கந்தக டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 64. அது அம்மோனியாவோடு சேர்ந்து உருவாகும் அம்மோனியம் சல்பேட்டின் எடை 132. அதாவது, ஒரு டன் வாயு முழுவதும் மாறினால் காற்றில் மிதப்பது இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட நுண்துகள். ஆலையின் கணக்கேட்டில் ஒரு டன். ஊராரின் நுரையீரலுக்கு இரண்டு டன். ஆலையின் துகள் கணக்கிலோ இதில் ஒரு குன்றிமணி எடைகூட ஏறுவதில்லை. ஏனென்றால் வாயில் கடக்கும்போது அது துகளாக இல்லை.

தமிழ் இலக்கணத்தில் ஒற்றை மெய்யெழுத்து ஒரு வினையின் பொறுப்பை மாற்றிவிடும். ‘உருவாகு’ என்பது தன்வினை. ‘உருவாக்கு’ என்பது பிறவினை. முன்னதில் செய்பவர் தேவையில்லை, பின்னதில் தேவை. ‘காற்றில் துகள் உருவாகிறது’ என்ற அறிவியல் வாக்கியம் உண்மையானது. வேதிவினை யாருடைய கட்டளைக்கும் காத்திருப்பதில்லை என்பதால் அங்கே தன்வினையே சரி. ஆனால் அதே வாக்கியம் ஆய்வேட்டிலிருந்து அரசாணைக்குக் குடிபெயரும்போது அந்தத் தன்வினை அடைக்கலமாகிவிடுகிறது. தானே உருவானதற்கு யார் பொறுப்பு? ஆங்கிலத்தைப் பின்பற்றி இவற்றுக்கு ‘இரண்டாம் நிலைத் துகள்’ என்று பெயர் வைத்ததும் இதற்குத் துணைபோனது. இரண்டாம் நிலை என்றால் கேட்பவர் மனத்தில் முக்கியத்துவத்திலும் இரண்டாவது என்றே பதிகிறது. ‘வாயுவழித் துகள்’ என்று சொல்லிப் பார்க்கலாம். உடனே அடுத்த கேள்வி எழும்: எந்த வாயு, யார் விட்ட வாயு?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பை முதன்முறையாக விதித்தது. இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2025 ஜூலையில் வெளியான அறிவிக்கை நிலையங்களை மூன்றாகப் பிரித்தது. தேசியத் தலைநகரப் பகுதிக்கோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 டிசம்பருக்குள் வரம்புக்குக் கட்டுப்பட வேண்டும். கடும் மாசுப் பகுதிகளுக்கும் காற்றுத் தரத்தை எட்டாத நகரங்களுக்கும் அருகிலுள்ளவை குறித்து ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கப்படும். எஞ்சியவை, அதாவது நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு, இந்த வரம்பிலிருந்து விடுவிக்கப்பட்டன. புகைபோக்கியின் உயரத்துக்கான விதியைப் பின்பற்றினால் அவற்றுக்குப் போதும்.

விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது இது: நாட்டின் பெரும்பாலான இடங்களில் கந்தக டை ஆக்சைடின் அளவு, நாளொன்றுக்குக் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற தரவரம்புக்குள்ளேயே இருக்கிறது. அளவீட்டில் பொய்யில்லை. அளந்த பொருள்தான் தவறு. வாயு துகளாக மாறிவிட்டால் வாயுவின் அளவு குறையத்தான் செய்யும். பாலைத் தயிராக உறைய வைத்துவிட்டு, பாத்திரத்தில் பாலே இல்லை, ஆகவே இங்கே கறவையே நடக்கவில்லை என்று சாதிப்பது போன்றது இந்த வாதம்.

துகளிலுள்ள கந்தகத்தைத் தனிமமாக எடைபோட்டு, அதன் பங்கு சொற்பம் என்று காட்டும் வாதமும் உண்டு. அம்மோனியம் சல்பேட்டின் எடையில் கந்தகம் கால்பங்கைக்கூடத் தொடுவதில்லை, 132இல் 32தான். ஆகவே துகளில் 5 விழுக்காடு கந்தகம் என்றால், ஏறக்குறைய 20 விழுக்காடு அம்மோனியம் சல்பேட் என்று பொருள். சோற்றை விட்டுவிட்டு அதிலுள்ள உப்பை மட்டும் நிறுத்துக் காட்டி, உண்டது இவ்வளவுதான் என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை.

அந்த 10 கிலோமீட்டர் வட்டத்துக்கு வருவோம். கார்டன் ரீச் நிலையம் கொல்கத்தாவுக்குள்ளேயே இருப்பதால், விதியின் சொற்படி பார்த்தால் அது கண்டிப்பான முதல் பிரிவில் அடங்க வேண்டியது. அதனால் கார்டன் ரீச்வாசிகள் பாதுகாக்கப்பட்டுவிட்டார்கள் என்று தோன்றும். காற்று நொடிக்கு மூன்று மீட்டர் என்ற மெல்லிய வேகத்தில் வீசினால், 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஒரு நாளில் 250 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கந்தக டை ஆக்சைடு சல்பேட்டாக மாறச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்வரை ஆகும். ஆகவே அருகிலுள்ள புகைபோக்கியின் வாயு துகளாகி முடிப்பதற்குள் நகரத்தைத் தாண்டிவிடும். நகரத்தின்மேல் துகளாக இறங்குவது தொலைவிலிருந்து நேற்றோ முந்தாநாளோ கிளம்பிய வாயு. குளிர்காலத்தில் வங்கத்தின் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. அத்திசையில் இருப்பது தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி வட்டாரம். புகையின் எல்லையை வேண்டுமானால் 10 கிலோமீட்டர் கவராயத்தால் வரையலாம். வாயுவழித் துகளுக்கு அந்த வட்டம் பொருந்தாது. 1863இன் கண்ணைக் கொண்டு 2025இல் வரையப்பட்ட கோடு அது.

உயரமான புகைபோக்கி போதும் என்பதும் ஐரோப்பா தோற்றுப் பார்த்த வைத்தியம். பிரிட்டனும் அதன் அண்டை நாடுகளும் புகைபோக்கிகளை உயர்த்தித் தங்கள் ஊர்க்காற்றைத் தெளிவாக்கின. வாயு மேலே போய், நெடுந்தொலைவு பயணம் செய்து, ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமிலமாக விழுந்தது. 1960களின் இறுதியில் சுவீடனின் ஸ்வாந்தே ஓடேன் இதை உலகுக்கு எடுத்துரைத்தார். 1979இல் எல்லைகடந்த காற்று மாசு குறித்து ஜெனீவாவில் பன்னாட்டு உடன்படிக்கை உருவாக அந்த அறிவே வழிகோலியது. உயரம் மாசைக் குறைப்பதில்லை. அது துகளாவதற்குக் கூடுதல் நேரத்தை மட்டுமே தருகிறது.

இனி மூன்று சாட்சிகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். 2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஹூக்ளிக்குள் நுழையும் கப்பலுக்கும் அது பொருந்தும். அதே ஆண்டு ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது. கப்பல்துறை வாயிலில் காத்திருக்கும் லாரிக்காரர் அதற்குக் கட்டுப்பட்டார். புதிய வண்டியின் கூடுதல் விலையையும் அவர்தான் சுமந்தார். கடலில் போகும் கப்பல் கட்டுப்பட்டது. சாலையில் போகும் லாரி கட்டுப்பட்டது. அவை இரண்டுக்கும் முன்பே, 2015இலேயே விதி பெற்ற புகைபோக்கி மட்டும் பத்தாண்டு காத்திருந்து விலக்குப் பெற்றது. மூன்றிலிருந்தும் வெளிவருவது ஒரே வாயு. காற்றில் அது ஆவதும் ஒரே துகள்.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்கத் தேவையில்லை. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பார்கள். உண்மை. ஆனால் அதில் வெப்பத்திறனும் குறைவு; அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரியை எரிக்க வேண்டும். விளைவைச் செயற்கைக்கோள் கண்டது. 2007க்குப் பின் சீனாவின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு 75 விழுக்காடு குறைந்தது, இந்தியாவினுடையது 50 விழுக்காடு உயர்ந்தது, உலகின் முதலிடத்தை இந்தியா எட்டிக்கொண்டிருக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கந்தக நீக்கிக் கருவிக்குச் செலவு மிகுதி, அதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், அதுவும் கரியமில வாயுவை வெளியிடும் என்பார்கள். 2015இன் விதி கருவியை விதிக்கவில்லை, அளவை விதித்தது. மாற்று நுட்பத்தாலோ, பழைய அலகுகளை மூடியோ, நிலக்கரியைக் குறைத்தோ அந்த அளவை எட்டலாம். செலவு என்பதும் எங்கும் மறைந்துவிடுவதில்லை. மின்கட்டணத்தில் சேராத தொகை மருத்துவமனை ரசீதில் சேர்கிறது. முன்னதை மின்சாரம் மிகுதியாகப் பயன்படுத்துவோர் மிகுதியாகச் செலுத்துவார்கள். பின்னதை மட்டியாபுருஜின் தையல்காரர் செலுத்துகிறார்.

மூன்றாவது வாதம் நுட்பமானது. சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைச் சற்றுக் குளிர்விக்கின்றன. அவற்றை நீக்கினால் வெப்பம் கூடும். இதுவும் உண்மையே. ஆனால் துகள் காற்றில் தங்குவது ஒரு வாரம்போல. கரியமில வாயு தங்குவது நூற்றாண்டுக் கணக்கில். கடனை அடைக்காமல் நாள்தோறும் வட்டியை மட்டும் கட்டிவரும் ஏற்பாடு இது. அந்த வட்டி ஏழைகளின் மூச்சிலிருந்து வசூலாகிறது. புவிக்குக் குடை வேண்டுமென்றால், அதைத் தாங்கும் கம்பியாக மனித நுரையீரலைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்கிறது: தூசியைத் தேடிப் போகிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் கொல்கத்தாவும் ஹௌராவும் உண்டு. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாடு முழுதும் அத்திட்ட நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்குச் செலவானது. தொழிற்சாலை மாசுக்குச் செலவானது 0.61 விழுக்காடு. தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்கலாம், படமெடுத்து வெளியிடலாம், அடுத்த நாளே பலன் காட்டலாம். நகரங்களின் செயல்பாடும் பெரிய துகளான பி.எம். 10ஐக் கொண்டே பெரிதும் மதிப்பிடப்பட்டது. நுரையீரலின் அடியாழம் வரை இறங்குவது பி.எம். 2.5. தண்ணீர் லாரி அதைத் தொடாது.

கொல்கத்தாவின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் விக்டோரியா நினைவகம், வில்லியம் கோட்டை, ரவீந்திர சரோபர், ஜாதவ்பூர், பாலிகஞ்ச் போன்ற இடங்களில் இருக்கின்றன. அவை துகளின் மொத்த எடையைச் சொல்கின்றன. அது எதனால் ஆனது என்று சொல்வதில்லை. கொலை நடந்ததைப் பதிவு செய்துவிட்டு, கைரேகை எடுக்காமல் திரும்பிவரும் காவல் நிலையம் இப்படித்தான் இருக்கும்.

கைரேகை எடுத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு முன்னுதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தேயும் அவருடைய குழுவினரும் தில்லியின் குளிர்காலக் காற்றில் துகளின் வேதிக்கூறுகளை அளந்து, 2021இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் வரும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, மிகுதியான அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் குளோரைடாகப் படிகிறது. அது நீரை உறிஞ்சித் துகளைப் பருக்க வைக்கிறது. துகள்கள் நீரேற்பதிலும் பார்வைத்தொலைவு குறைவதிலும் ஏறக்குறைய பாதி இதன் வேலை என்று அவர்கள் கண்டார்கள். அதுவரை தில்லியின் பனிப்புகைக்குக் காரணமாக யாரும் குளோரினைப் பெரிதாகப் பேசியதில்லை. துகளை எடைபோட்டதோடு நின்றிருந்தால் இந்த உண்மை என்றைக்கும் வெளிவந்திராது.

கார்டன் ரீச்சைத் தமிழ் வாசகர் தொலைதூர ஊராகக் கருத வேண்டியதில்லை. ஆற்று முகத்துவாரம், துறைமுகம், நிலக்கரி மின்நிலையங்கள், உழைக்கும் மக்களின் நெருக்கமான குடியிருப்பு என்று அதே சேர்மானம் எண்ணூரிலும் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் அங்கேதான் நிற்கின்றன. புகைபோக்கி வெளுத்திருக்கிறது, வாயு வரம்புக்குள் இருக்கிறது என்ற அதே இரண்டு வாக்கியங்கள் அங்கும் பதிலாகச் சொல்லப்படும்.

கேட்க வேண்டியவை மூன்றே. நுண்துகளின் எடையோடு அதிலுள்ள சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், குளோரைடு ஆகியவற்றின் பங்கையும் அளந்து நாள்தோறும் வெளியிட வேண்டும். அளக்கும் இடங்களில் கார்டன் ரீச்சும் எண்ணூரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்தின் வாயு வெளியீட்டையும் அது ஆகக்கூடிய துகளின் எடையாகவும் மாற்றி, அந்நிலையத்தின் பெயரிலேயே கணக்கில் எழுத வேண்டும். 10 கிலோமீட்டர் வட்டத்தை நீக்கி, காற்று போகும் வழியைக் கொண்டு பொறுப்பை வகுக்க வேண்டும்.

துகள் காற்றில் உருவாகிறது என்று அறிவியலாளர் சொன்னால் அது கண்டுபிடிப்பு. அதையே ஆட்சியாளர் சொன்னால், அந்த வினைச்சொல்லில் விடுபட்ட மெய்யெழுத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.